வேர் ஈகிள்ஸ் டேர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய போர்ப் படம் ஒன்று சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இந்தப் பெயரைத்தான். பார்த்துவிட்டு வந்து ஆளாளுக்குச் சந்தேகம் கேட்பார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். கதையின் முடிச்சு அவிழும் கேள்விகள் பின்பாதியில் இருக்கின்றன. அங்கே வரும்போது சொல்கிறேன்.

இது என்ன படம்? கதையைச் சுருக்கமா சொல்லுங்க.

1968-இல் வந்த ஆங்கிலப் படம். இயக்கம் பிரையன் ஜி. ஹட்டன். திரைக்கதை எழுதியவர் போர் நாவல்களுக்குப் பேர்போன ஸ்காட்லாந்து எழுத்தாளர் அலிஸ்டர் மக்லீன். ரிச்சர்ட் பர்ட்டன், கிளின்ட் ஈஸ்ட்வுட், மேரி யூர், இங்கிரிட் பிட் ஆகியோர் நடித்திருக்கிறார்கள்.

1943-44 குளிர்காலம். நேச நாடுகளின் படைகள் பிரான்ஸ் கரையில் இறங்கப்போகும் திட்டம் கார்னபி என்ற அமெரிக்க ஜெனரலுக்கு அத்துப்படி. அவர் வந்த விமானம் விழுந்து, ஜெர்மானியர்களிடம் மாட்டிக்கொள்கிறார். ஆல்ப்ஸ் மலையில், செங்குத்துப் பாறையின் மேல் இருக்கும் ஷ்லாஸ் ஆட்லர் என்ற கோட்டையில் அடைத்து வைக்கிறார்கள். மேலே போகக் கேபிள் கார்தான் வழி. அவர் வாயைத் திறப்பதற்குள் மீட்டு வரவேண்டும் என்று ஏழு பேரை ஜெர்மன் சீருடையில் பாராசூட்டில் இறக்குகிறது பிரிட்டிஷ் உளவுத்துறை. ஏழு பேரும் குதித்த பிறகு, அதே விமானத்திலிருந்து யாருக்கும் தெரியாமல் மேரி என்ற ஒரு பெண் குதிக்கிறாள். படம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் ஓட ஆரம்பிப்பது அந்த இடத்தில்தான்.

உண்மைச் சம்பவமா?

இல்லை. அப்படி ஒரு கோட்டை முற்றுகையும் நடக்கவில்லை, அப்படி ஒரு ஜெனரலும் கிடையாது. முழுக்க மக்லீனின் கற்பனை.

ஆனால் உண்மையில் நடந்ததைக் கேட்டால் இந்தப் புளுகு பரவாயில்லை என்று தோன்றும். 1943 செப்டம்பர் 12 அன்று, இத்தாலியின் கிரான் சாசோ மலையில் கேபிள் காரில் மட்டுமே போகக்கூடிய ஒரு ஹோட்டலில் காவலில் இருந்த முசோலினியை ஜெர்மன் பாராசூட் வீரர்கள் கிளைடர்களில் போய் இறங்கி மீட்டார்கள். பெரிய துப்பாக்கிச் சண்டைகூட நடக்கவில்லை. கீழே இருந்த கேபிள் கார் நிலையத்தை இன்னொரு குழு பிடித்துக்கொண்டது. முசோலினியை ஒரு குட்டி விமானத்தில் ஏற்றி, பாறைகளுக்கு நடுவே இருந்த துண்டு நிலத்திலிருந்து பறக்கவிட்டுக் கொண்டுபோனார்கள். மலை உச்சி, கேபிள் கார், வானத்திலிருந்து இறங்கும் ஆட்கள், முக்கியமான கைதி, எல்லாமே அதில் இருக்கிறது. ஒரே வித்தியாசம், அங்கே மீட்க வந்தவர்கள் ஜெர்மானியர்கள்.

எவ்வளவு நேரம் ஓடும்? முதல் பாதி ரொம்ப மெதுவா போகுதே?

இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். முதல் ஒரு மணி நேரத்தில் சுடுவதைவிட நடப்பதும் பேசுவதும்தான் அதிகம். பனியில் நடக்கிறார்கள். ஒரு மரக்குடிலில் ஒளிகிறார்கள். ஊருக்குள் போய், ஜெர்மன் வீரர்கள் நிரம்பி வழியும் மதுக்கடையில் உட்கார்ந்து பீர் குடிக்கிறார்கள்.

பொறுமையாக இருங்கள். பின்னால் வெடிக்கப்போகிற ஒவ்வொன்றையும் இந்த முதல் பாதியில்தான் உங்கள் கண் முன்னே கொண்டுவந்து வைக்கிறார்கள். முன்பக்கம் பனி வாரும் தகடு மாட்டிய அந்தச் சிவப்புப் பேருந்து முதலில் சும்மா நிற்கிறது. கேபிள் கார் சும்மா மேலும் கீழும் போய்வருகிறது. சாலையோரக் கம்பங்களில் அவர்கள் வெடி கட்டும்போது எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. கடைசி அரைமணியில் இவை எல்லாவற்றுக்கும் வேலை வந்துவிடுகிறது. இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும். நடப்பது நம்ப முடியாததாக இருக்கலாம், ஆனால் ஆகாயத்திலிருந்து எதுவும் குதிப்பதில்லை, ஆட்களைத் தவிர.

எல்லாரும் ஜெர்மன் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு இங்கிலீஷ்ல பேசுறாங்க. யாரு எந்தப் பக்கம்னே தெரியல.

அந்தக் காலத்துப் போர்ப் படங்களில் இது எழுதப்படாத ஒப்பந்தம். பர்ட்டன் ஜெர்மன் காவலாளியிடம் ஆங்கிலத்தில் அதட்டினால், அவர் சுத்தமான ஜெர்மனில் அதட்டுகிறார் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். காவலாளியும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறான்! குறைந்தபட்சம் குரலையாவது மாற்றிப் பேசலாம். பர்ட்டன் அதுவும் செய்வதில்லை. வேல்ஸ் நாட்டு மேடையில் வளர்ந்த அதே கணீர்க் குரல்.

ஒரு சுலபமான வழி சொல்கிறேன். முதல் அரைமணியில் பர்ட்டன் நடிக்கும் மேஜர் ஸ்மித், ஈஸ்ட்வுட் நடிக்கும் அமெரிக்க லெப்டினன்ட் ஷாஃபர், இந்த இரண்டு முகங்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற ஐந்து பேரும் ஒரே மாதிரி இருக்கிறார்களே என்று கவலைப்படாதீர்கள். ஷாஃபருக்கும் அவர்கள் யாரென்று தெரியாது. அவனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு நமக்குத் தெரிந்தால் போதும் என்பது படத்தின் ஏற்பாடு.

அந்தக் கோட்டை நிஜமா, செட்டா?

நிஜம். ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் நகரத்துக்குத் தெற்கே, வெர்ஃபென் என்ற ஊரில் இருக்கும் ஹோஹென்வெர்ஃபென் கோட்டை. 11-ஆம் நூற்றாண்டில் கட்டியது. இன்றும் போய்ப் பார்க்கலாம். பொருத்தமாக, அங்கே வேட்டைப் பறவைகளைப் பறக்கவிட்டுக் காட்டுகிறார்கள். 1965-இல் வந்த சவுண்ட் ஆஃப் மியூசிக் படத்தில் பிள்ளைகள் புல்வெளியில் பாட்டுக் கற்றுக்கொள்ளும்போது பின்னால் தெரிவதும் இதே கோட்டைதான். மூன்றே வருடத்தில் அதே சுவர்களுக்கு இந்தக் கதி.

கேபிள் கார் அந்தக் கோட்டைக்குச் சொந்தமானது இல்லை. அது அங்கிருந்து தள்ளி, எபன்சே என்ற ஊரின் ஃபாயர்கோகல் மலையில் ஓடுவது. கிராமம் இன்னொரு ஊர், லோஃபர். உள்ளறைகள் இங்கிலாந்தில் போரம்வுட் ஸ்டுடியோவில் போட்ட செட். இப்படி நாலு இடத்தை ஒட்டவைத்து ஒரே மலையாக்கி இருக்கிறார்கள். பார்க்கும்போது ஒட்டுத் தெரியாது. கேபிள் காரின் கூரை மேல் முகங்களை நெருக்கத்தில் காட்டும்போது மட்டும் பின்னால் திரையில் ஓடும் மலையை நன்றாகவே கண்டுபிடித்துவிடலாம்.

கேபிள் கார் மேல சண்டை போடுறது பர்ட்டனா?

நெருக்கமான காட்சிகளில் பர்ட்டன், எட்டத்தில் பெரும்பாலும் டூப். ஆல்ஃப் ஜாயின்ட் என்ற சண்டைக் கலைஞர் அவருக்காகச் செய்தார். இந்த அதிரடிக் காட்சிகளைப் பார்த்துக்கொண்ட இரண்டாம் யூனிட்டின் இயக்குநர் யாக்கிமா கனுட். பென் ஹர் படத்தின் தேர்ப் பந்தயத்துக்குப் பின்னால் இருந்தவர். அந்த அனுபவம் இங்கே தெரிகிறது. டூப் ஆட்கள் அத்தனை வேலை செய்ததைப் பார்த்து ஈஸ்ட்வுட் படத்துக்கு 'வேர் டபுள்ஸ் டேர்' என்று பெயர் வைத்துக் கிண்டலடித்ததாகச் சொல்வார்கள்.

சண்டையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பனி படிந்த கூரை, வழுக்கல், கையில் ஐஸ் கோடாரி. யாரும் அழகாக அடிப்பதில்லை. மூன்று பேரும் பிடிக்க ஏதாவது கிடைக்காதா என்று தவழ்கிறார்கள். ஒருவனை ஒருவன் அடிப்பதைவிடத் தான் விழாமல் இருப்பதில்தான் எல்லோருக்கும் கவனம். எதிர்த்திசையில் வரும் இன்னொரு கேபிள் காருக்கு ஸ்மித் தாவுகிறானே, அது நடக்கவே நடக்காது. அதற்கு முந்தைய தவழல் எல்லாம் நடக்கும். நடக்கும் விஷயங்களாகப் பத்தைக் காட்டிவிட்டுப் பதினோராவதாக ஒரு கப்சாவை நுழைப்பதுதான் இந்தப் படத்தின் கைவண்ணம்.

1944-ல ஹெலிகாப்டர் ஏது?

எல்லோரும் பிடிக்கும் பிழை இது. கோட்டை முற்றத்தில் ஜெர்மன் தளபதி வந்து இறங்குவது பெல் 47 வகை ஹெலிகாப்டர். அதன் முதல் மாதிரி பறந்ததே 1945 டிசம்பரில், போர் முடிந்த பிறகு. ஜெர்மனியிடம் அப்போது ஹெலிகாப்டரே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஃப்ளெட்னர், ஃபோக்கே-ஆக்கெலிஸ் நிறுவனங்கள் சிலவற்றைச் செய்து பறக்கவிட்டிருந்தன. அதாவது யோசனை தப்பில்லை, வண்டிதான் தப்பு.

ஆனால் தொடக்கத்திலும் கடைசியிலும் வரும் மூன்று எஞ்சின் யுங்கர்ஸ் 52 விமானம் அசல். சுவிட்சர்லாந்து விமானப்படை அதுவரை பத்திரமாக வைத்துப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது. தொடக்கக் காட்சியில், சிவப்பு எழுத்துகள் ஓட, ரான் குட்வினின் இசையில் முரசு தடதடக்க, பனிமலைகளுக்கு நடுவே அது வருவதைப் பார்த்துவிட்டு ஹெலிகாப்டரை மன்னிக்காதவர்களை நான் பார்த்ததில்லை.

கண் கூர்மையானவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: இரண்டு பெண்களின் தலை அலங்காரமும் 1944 இல்லை, அப்பட்டமான 1968.

ஈஸ்ட்வுட் ரெண்டு கையிலயும் மெஷின் கன் வச்சுச் சுடுறாரே, தோட்டாவே தீராதா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அவர் கையில் இருப்பது எம்பி 40. ஒரு மேகசினில் 32 தோட்டா. நிமிடத்துக்கு 500 தோட்டா வேகத்தில் விசையை அழுத்திப் பிடித்தால் நாலு நொடிக்குள் காலி. இரண்டு கையிலும் துப்பாக்கி இருந்தால் மேகசின் மாற்ற மூன்றாவது கை வேண்டும். துப்பாக்கி ஒவ்வொன்றும் ஏறக்குறைய நாலு கிலோ. ஒற்றைக் கையில் பிடித்துச் சுட்டால் குறி எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இருந்தாலும் அந்த வராந்தாக் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. ஷாஃபர் ஒரு பக்கம் தனி ஆள், அந்தப் பக்கம் அலை அலையாக வீரர்கள். கைப்பிடி வைத்த ஜெர்மன் கையெறிகுண்டு உருண்டு வருகிறது, எடுத்துத் திருப்பி எறிகிறான். முகத்தில் ஒரு கோபம் வேண்டுமே, ஒரு வீரப் பேச்சு வேண்டுமே! ஒன்றும் கிடையாது. பூட்டு ரிப்பேர் செய்பவன் முகத்தில் இருக்கும் சலிப்புதான் இருக்கிறது. ஈஸ்ட்வுட் தான் நடித்த எல்லாப் படங்களையும்விட இதில்தான் அதிகம் பேரைக் கொல்கிறார். அதிகம் பேசாததும் இதில்தானோ என்று தோன்றும்.

அந்தப் பைக்குள்ள எவ்வளவு வெடிதான் இருக்கு?

அட்சய பாத்திரம். வேறு பதில் கிடையாது. ரயில் நிலையத்துக்கு வெடி, சாலையோரக் கம்பங்களுக்கு வெடி, கோட்டை அறைகளுக்கு வெடி, கேபிள் காருக்கு வெடி, விமானத் தளத்துக்கு வரும் வழியெல்லாம் வெடி. எல்லாம் இரண்டு பேர் முதுகில் சுமந்து, சுவர் ஏறி, கூரையில் படுத்துக்கொண்டு வந்த பைகளிலிருந்து.

ஜெர்மன்காரன் ஒருத்தனுக்குக்கூடக் குறி பார்த்துச் சுடத் தெரியாதா?

கையில் ஒரு குண்டு படுவதற்குக்கூட நிறைய நேரம் ஆகிறது, உண்மைதான். இதில் படம் அப்பட்டமாகக் காதில் பூ சுற்றுகிறது. மலைப் போருக்கென்றே பயிற்சி பெற்ற படை தங்கியிருக்கும் இடம் அது என்று படமே சொல்கிறது. அப்படிப்பட்டவர்கள் திறந்த வராந்தாவில் வரிசையாக ஓடி வந்து விழுகிறார்கள்.

ஒரே ஒரு சமாதானம் உண்டு. சுடத் தெரியாத இந்த ஜெர்மானியர்களுக்குப் பேசத் தெரியும். கர்னல் கிராமராக வரும் அன்டன் டிஃப்ரிங், கெஸ்டாபோ என்ற நாஜி ரகசியப் போலீஸின் மேஜர் ஃபான் ஹாப்பனாக வரும் டெரன் நெஸ்பிட் இருவரும் முட்டாள்கள் இல்லை. மேரியிடம் அசடு வழிகிற மாதிரி பேச ஆரம்பிக்கும் ஃபான் ஹாப்பன், அவள் சொந்த ஊர் என்று சொன்ன டூசல்டார்ஃபைப் பற்றி நைசாகத் துருவுகிறானே, நூறு தோட்டாவைவிட அந்தக் கேள்விகளுக்குத்தான் எனக்குப் பயம் அதிகம்.

சரி, நம்ம மசாலாப் படத்துல இதே மாதிரி வந்தா கிண்டல் பண்றீங்க. இதுக்கு மட்டும் ஏன் சப்பைக்கட்டு?

நியாயமான கேள்வி. வெள்ளைக்காரன் செய்தால் சாகசம், நம்மாள் செய்தால் காமெடி என்று பேசுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அதில் நான் சேர மாட்டேன். நாயகன் ஒரு தோட்டாவைக் கத்தியால் இரண்டாக்கினாலும் நான் கைதட்டுவேன், படம் அதற்கு முன்னால் என்னை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தால்.

இதில் என்னைக் கட்டிப்போடுவது அந்தச் சாகசங்களை எல்லாம் வேலையாகக் காட்டுவது. கயிற்றைக் கட்டுவதைக் காட்டுகிறார்கள். முடிச்சு இறுகுவதைக் காட்டுகிறார்கள். டைமரைத் திருகுவதை, உள்ளேயிருந்து மேரி கயிறு இறக்கும்வரை காத்திருப்பதை, குளிரில் கை விறைப்பதைக் காட்டுகிறார்கள். 'நான் யார் தெரியுமா' என்று யாரும் சொல்வதில்லை. ஸ்மித் களைத்துப்போன அரசாங்க அதிகாரி மாதிரி அடுத்தடுத்து வேலை சொல்கிறான், ஷாஃபர் முணுமுணுத்துக்கொண்டே செய்கிறான். நம்மைப் பார்த்துக் கண்ணடிக்காமல் இரண்டரை மணி நேரம் புளுகுவது லேசான காரியம் இல்லை.

பர்ட்டன் மாதிரி பெரிய மேடை நடிகர் இதுல எதுக்கு வந்தார்?

தன் பிள்ளைகள் பார்க்கிற மாதிரி, கடைசியில் தான் சாகாத ஒரு சாகசப் படம் வேண்டும் என்று அவர் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. தயாரிப்பாளர் எலியட் காஸ்ட்னர் அதன் பிறகு மக்லீனைப் பிடித்தார். மக்லீன் முதன்முதலாகத் திரைக்கதை எழுதியது இதற்குத்தான்.

வந்தவர் வீணாகவில்லை. துப்பாக்கிக்கு ஈஸ்ட்வுட், வாய்க்குப் பர்ட்டன் என்று வேலையைப் பிரித்துக்கொண்டது மாதிரி இருக்கும். அந்தக் குரல் இல்லாவிட்டால் அடுத்துச் சொல்லப்போகும் காட்சி நின்றிருக்காது.

(படம் பார்க்காதவர்கள் இங்கே நிறுத்திவிட்டு, பார்த்துவிட்டு வாருங்கள்.) அந்த ஹால்ல நோட்டுப் புத்தகம் எழுதுற சீன் எனக்கு இன்னும் புரியல.

இதுதான் படத்தின் நெஞ்சு. மெதுவாகப் பார்ப்போம். பெரிய கூடம், கணப்பு எரிகிறது. கார்னபியை விசாரிக்கிறார்கள். ஸ்மித் குழுவில் வந்த தாமஸ், பெர்க்லி, கிறிஸ்டியான்சன் மூவரும் உண்மையில் ஜெர்மன் உளவாளிகள் என்பது அங்கே தெரிகிறது. ஸ்மித்தும் ஷாஃபரும் துப்பாக்கியோடு நுழைகிறார்கள். அப்பாடா என்று நாம் மூச்சுவிடும்போது ஸ்மித் ஷாஃபரை மடக்கி, துப்பாக்கியைப் பிடுங்கி உட்காரவைக்கிறான். 'நான்தான் அசல் ஜெர்மன் உளவாளி, இவர்கள் மூன்று பேரும் அவர்கள் வேஷத்தில் வந்த பிரிட்டிஷ்காரர்கள்' என்கிறான். நம்ப மறுக்கும் கிராமரை இத்தாலியில் இருக்கும் ஒரு ஜெர்மன் அதிகாரிக்கு போன் போட வைக்கிறான். அந்த அதிகாரி ஸ்மித்தின் குரலைக் கேட்டு, நம்ம ஆள்தான் என்கிறார். லண்டனில் இருக்கும் ஜெர்மனியின் தலைமை உளவாளி யார் என்று ஒரு தாளில் எழுதி கிராமரிடம் நீட்டுகிறான். கிராமர் தலையாட்டுகிறார்.

அடுத்துத்தான் தூண்டில். 'இவர்கள் மூவரும் அசல் என்றால், பிரிட்டனில் வேலை செய்யும் நம் ஆட்கள் எல்லோரையும் இவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெயர்களை எழுதட்டும். என்னிடம் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.' உயிருக்குப் பயந்து மூவரும் விழுந்து விழுந்து எழுதுகிறார்கள். கொஞ்ச நேரம் பேனா சத்தம் மட்டும். எழுதிய நோட்டுகளை வாங்கிக்கொண்ட ஸ்மித், தன் நோட்டை கிராமரிடம் கொடுக்கிறான். கிராமர் பக்கத்தைப் புரட்டுகிறார். வெற்றுத்தாள்.

அவனிடம் பட்டியலே கிடையாது. அந்தப் பெயர்களை வாங்கத்தான் இவ்வளவு தூரம் வந்தது. கையில் ஒரு சீட்டுகூட இல்லாமல் முழு ஆட்டத்தையும் ஆடி முடித்துவிட்டான். ஷாஃபர் தன் வாழ்நாளிலேயே இவ்வளவு குழம்பியதில்லை என்கிற அர்த்தத்தில் ஒன்று சொல்வான். நாமும் அதைத்தான் சொல்வோம்.

அப்போ ஜெனரல்?

ஜெனரலே இல்லை. கார்ட்ரைட் ஜோன்ஸ் என்ற நடிகர், ராணுவத்தில் வெறும் கார்ப்பரல். தூண்டில் புழு. கேட்டால் அபத்தமாக இருக்கும், ஆனால் மக்லீன் இதைச் சும்மா பிடிக்கவில்லை. 1944 மே மாதம் பிரிட்டிஷ் ராணுவம் தளபதி மாண்ட்கோமரியைப் போலவே இருந்த ஒரு நடிகரைக் கண்டுபிடித்து, மாண்ட்கோமரி வேஷம் போட்டு ஜிப்ரால்டருக்கும் அல்ஜியர்ஸுக்கும் அனுப்பியது, ஜெர்மானியர்கள் பார்த்து ஏமாறட்டும் என்று. அவர் கிளிஃப்டன் ஜேம்ஸ். அப்போது ராணுவத்தின் சம்பளப் பிரிவில் லெப்டினன்ட். பிறகு 1958-இல் அதைப் படமாக எடுத்தபோது அவரே நடித்தார்.

துரோகிகளை லண்டன்லயே பிடிச்சு விசாரிச்சிருக்கலாமே? இதுக்கு ஒரு மலை ஏறணுமா?

படத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான், வெடியும் தோட்டாவும் இல்லை. படம் சொல்லும் காரணம்: லண்டனில் யாரை நம்புவது என்று தெரியவில்லை. மேலே ஒருவன் விலை போயிருக்கிறான், யாரென்று தெரியாது. அங்கே விசாரணை தொடங்கினால் அடுத்த நிமிடம் அவன் காதுக்குப் போய்விடும். அவர்களாகவே வாயைத் திறக்க வேண்டுமென்றால் அவர்களுக்கு வேண்டியவர்கள் முன்னால்தான் திறப்பார்கள். ஷாஃபர் என்ற அமெரிக்கன் எதற்கு என்பதற்கும் இதே பதில். பிரிட்டிஷ் உளவுத்துறையோடு சம்பந்தமே இல்லாத ஆள் ஒருவனாவது வேண்டும்.

நிஜ வரலாறு இதற்கு நேர்த் தலைகீழ். போர்க்காலத்தில் பிரிட்டனுக்கு ஜெர்மனி அனுப்பிய உளவாளிகளைப் எம்ஐ5 என்ற பிரிட்டிஷ் உள்நாட்டு உளவுத்துறை பிடித்து, பலரைத் தன் பக்கம் திருப்பி, அவர்கள் மூலமாகவே ஜெர்மனிக்குப் பொய்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. நார்மண்டியில் படை இறங்கும் இடத்தைப் பற்றி ஜெர்மானியர்களைக் குழப்பியதில் அந்தப் பொய்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த ஏற்பாட்டை நடத்தியவர்களில் ஒருவரான ஜான் மாஸ்டர்மன் எழுதிய புத்தகம் வெளியானது 1972-இல். அதாவது மக்லீன் திரைக்கதை எழுதியபோது இது இன்னும் ரகசியம். பிரிட்டனுக்குள் ஜெர்மன் உளவாளிகள் மண்டிக்கிடந்தார்கள் என்று அவர் எழுதியதை யாரும் மறுக்க முடியாத காலம் அது.

ரேடியோ ஆபரேட்டர் குதிக்கும்போதே செத்துட்டானே, அது விபத்து இல்லையா?

இல்லை. கழுத்து முறிந்தது குதித்ததால் இல்லை என்பது ஸ்மித்துக்குப் பார்த்தவுடன் தெரிகிறது. ஆனால் மற்றவர்களிடம் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டாம் முறை பார்க்கும்போது பர்ட்டனின் முகத்தை மட்டும் பாருங்கள். எல்லோருக்கும் கட்டளை இடும்போதே ஒவ்வொருவரையும் எடை போட்டுக்கொண்டிருப்பார். முதல்முறை அது வெறும் சிடுசிடுப்பு மாதிரி தெரியும்.

போரை இப்படி விளையாட்டா காட்டுறது சரியா? அத்தனை பேர் செத்த போர் இல்லையா?

இந்தக் கேள்வியை லேசாகத் தட்டிவிட முடியாது. இந்தப் படத்தில் நாஜிகள் செய்த எதுவும் இல்லை. முகாம்கள் இல்லை, யூதர்கள் என்ற சொல்கூட இல்லாத உலகம். கறுப்புச் சீருடை வெறும் வில்லன் உடுப்பாகச் சுருங்கிவிடுகிறது. வரலாறு தெரிந்துகொள்ள இதைப் பார்க்காதீர்கள், பிள்ளைகளுக்குக் காட்டினால் இதைச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.

நடித்தவர்களுக்கு அது விளையாட்டாக இருந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மதுக்கடைப் பெண் ஹைடியாகச் சிரித்துக்கொண்டு வரும் இங்கிரிட் பிட் போலந்தில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது அம்மாவோடு ஸ்டுட்ஹோஃப் வதைமுகாமில் இருந்து பிழைத்தவர். ஜெர்மன் தளபதி ரோஸ்மேயராக நெஞ்சு நிமிர்த்தி வரும் ஃபெர்டி மெயின், ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் யூதத் தாய்க்குப் பிறந்து, பதின்ம வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பிவைக்கப்பட்டவர். கிராமராக நடித்த டிஃப்ரிங்கும் போருக்கு முன்பே ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்தான். அதன் பிறகு வாழ்நாளெல்லாம் அவருக்கு நாஜி அதிகாரி வேஷமே வந்துகொண்டிருந்தது. இது தெரிந்த பிறகு அந்தக் கூடத்துக் காட்சியை நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது.

படத்துல பொண்ணுங்களுக்கு வேலையே இல்லையா?

1968 படங்களோடு ஒப்பிட்டால் இருக்கிறது. மேரியும் ஹைடியும் இல்லாவிட்டால் கோட்டைக்குள் கயிறும் இறங்காது, ஆளும் ஏறாது. மேரியும் துப்பாக்கி எடுத்துச் சுடுகிறாள். ஆனால் காப்பாற்றப்படும் வேலையும் கொடுத்துவிடுகிறார்கள். காதல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அதற்கு நேரமில்லை.

நாவலும் படிக்கணுமா?

படியுங்கள், ஆனால் படத்துக்குப் பிறகு. நாவல் 1967-இல் வந்தது, திரைக்கதையோடு ஒட்டிப் பிறந்தது. சில பெயர்கள் மாறியிருக்கும். சாவுகள் மிகவும் குறைவு, ஷாஃபர் நிறையப் பேசுவான், ஹைடியோடு அசடு வழிவான். படத்தின் ஷாஃபரைப் பார்த்துவிட்டுப் படித்தால் வேறு யாரோ மாதிரி இருக்கும். எனக்குப் பேசாதவன்தான் பிடிக்கும்.

கடைசியில ஃப்ளைட்ல டர்னர் துப்பாக்கிய நீட்டுறான், சுட மாட்டேங்குதே? அது எப்படி?

ஸ்மித் தாளில் எழுதிக் காட்டி கிராமர் தலையாட்டினாரே, அந்தப் பெயர்தான் கர்னல் டர்னர். லண்டனில் அவர்களை வழியனுப்பிய அதே ஆள். மீட்டுக்கொண்டுபோக விமானத்திலும் அவனே வந்து உட்கார்ந்திருக்கிறான். உண்மை வெளியானதும் துப்பாக்கியைத் தூக்குகிறான். இவர்களை அனுப்பிய உளவுத்துறைத் தலைவர் அட்மிரல் ரோலண்டுக்கு முன்பே சந்தேகம் இருந்ததால், விமானம் கிளம்பும் முன்பே அந்தத் துப்பாக்கியின் சுடும் ஊசியைக் கழற்றச் செய்துவிட்டார். பிறகு டர்னருக்கு ஒரு வழி விடுகிறார்கள்: விசாரணை, தூக்கு, அவமானம் எதுவும் வேண்டாமென்றால் கதவு திறந்திருக்கிறது. பாராசூட் இல்லாமல் போகிறான்.

இதற்கும் ஒரு துணைக்கேள்வி எப்போதும் வரும்: கோட்டையிலிருந்து தப்பி வந்தவர்களின் துப்பாக்கிகள் அதே விமானத்தில் இருந்திருக்குமே, டர்னர் அதில் ஒன்றை எடுத்திருந்தால்? எடுத்திருந்தால் ஸ்மித் செத்திருப்பான், பர்ட்டனின் பிள்ளைகள் கோபித்துக்கொண்டிருப்பார்கள்.